காரணம் எழுதாத சீட்டு

என் மேசையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருக்கின்றன. ஒன்றில் ‘தவிர்க்கக்கூடியது’ என்றும் மற்றொன்றில் ‘தவிர்க்க முடியாதது’ என்றும் இருக்கும். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் பத்தொன்பது வருடமாக இதுதான் என் வேலை. காலை எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் வாசலில் நின்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். பெயர், பிரிவு, வந்த நேரம், காரணம். நான் அதைப் படித்துவிட்டு இரண்டில் ஒன்றைக் குத்துவேன். மூன்று மாதத்தில் நான்கு ‘தவிர்க்கக்கூடியது’ விழுந்தவர் மேலாளர் அறைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

தேய்ந்துபோனதால் அந்த முதல் முத்திரையை இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம். மற்றது வாங்கிய அன்று இருந்ததைப் போலவே எழுத்து மழுங்காமல் இருக்கிறது.

தொழிற்சாலையில் எனக்கு சீல் அக்கா என்று பெயர். நேரில் மேடம் என்பார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போனதும் சீல் அக்காதான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் மதியம் சாப்பிடும்போது யாரும் என் மேசைக்கு வருவதில்லை. முத்திரை குத்துகிற கையோடு எப்படிச் சேர்ந்து சாப்பிடுவது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவேன். வீட்டிலும் தனிதான். அம்மா இருந்தவரை இரண்டு பேர். அவள் போய் நான்கு வருடமாகிறது.

சீட்டுகளைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. தன்னுடைய தாமதத்துக்கு மழை, பஸ், சைக்கிள் செயின், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லோரும் வெளியில் இருக்கிற ஒன்றைத்தான் எழுதுவார்கள். அதே ஆளிடம், பக்கத்து மெஷின்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். “அவனா? தூங்குமூஞ்சி மேடம். வீட்டுல ஒரு ஆளு தண்ணி ஊத்தி எழுப்பணும்.” இதைக் கவனித்துக் கவனித்து எனக்குள் ஒரு பெருமை வந்திருந்தது. எல்லோரும் செய்கிற அந்தத் தப்பை நான் செய்யமாட்டேன் என்று.

கட்டிங் பிரிவில் ஒருவர் இருக்கிறார். அவருடைய மாமியார் இந்த வருடம் மட்டும் மூன்று முறை விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மூன்றாவது சீட்டைப் படித்துவிட்டு, “உங்க மாமியாருக்கு எத்தனை காலுங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டுதான் மேடம். மாத்தி மாத்தி உடையுது.”

வாட்ச்மேன் அண்ணன் திரும்பி நின்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் முதல் முத்திரையைத்தான் குத்தினேன்.

போன செவ்வாய்க்கிழமை நானே தாமதமாக வந்தேன்.

வழக்கமான ஏழு பத்து பஸ்தான். ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றதும், மூன்று இருக்கைக்கு முன்னால் ஒரு பிடரி தெரிந்தது. வலது காதுக்குப் பின்னால் பட்டாணி அளவு மச்சம். என் தம்பி. சின்ன வயதில் அவனுக்குத் தலைதுவட்டி விடும்போது அந்த மச்சத்தை ஒரு தேய் தேய்ப்பேன். “அழுக்கு போகவே மாட்டேங்குதுடா” என்று நான் சொல்ல, அவன் கத்துவான். முடி பின்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அதுவும் முதுகை.

கூப்பிட்டிருக்கலாம். பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, ‘டேய்’ என்றால் போதும். வாய் திறக்கவில்லை. என் நிறுத்தம் வந்தது. கண்டக்டருக்கு என்னைத் தெரியும். “அம்மா, ஸ்டாப் வந்துடுச்சு” என்றார். தலையை ஆட்டினேனே தவிர இறங்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. அவர் மறுபடி ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நான்கு நிறுத்தம் தாண்டி அவன் முன்வாசல் வழியாக இறங்கினான். நான் பின்வாசல் வழியாக இறங்கினேன். அவன் வேலை செய்கிற டைல்ஸ் கடை எதிர்ச்சாரியில் இருந்தது. ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளை வாங்கும்போதும் அப்படித்தான் துடைப்பான். ஷட்டர் மேலே போனது. அவன் உள்ளே போனான். உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்தே திரும்பினேன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு சின்னக் கூட்டம் எனக்காகக் காத்திருந்தது. சீட்டு வாங்க ஆளில்லாமல், தாமதமாக வந்த ஐந்து பேரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

“என்ன மேடம், நாப்பத்திரண்டு நிமிஷம்!” வாட்ச்மேன் அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். “நான் பயந்தே போயிட்டேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு.”

“அதெல்லாம் இல்லண்ணே.”

“என் மாமியார வேணா எடுத்துக்குங்க மேடம்” என்றார் கட்டிங் பிரிவுக்காரர். “இன்னும் ரெண்டு கை பாக்கி இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பசை ஒட்டும் பிரிவில் இருக்கும் பெண், என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், சீட்டுக்கட்டை என் பக்கம் நகர்த்தினாள். “பஸ் ரிப்பேர்னு எழுதுங்கக்கா. நீங்க சொன்னா யாரு நம்பமாட்டாங்க?”

அவள் அக்கா என்றது எனக்கு என்னவோபோல் இருந்தது. பெயர், பிரிவு, வந்த நேரம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன்.

“இதுல யாரு சார் முத்திரை போடணும்?”

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “டைம் ஆபீஸ்தான் போடணும். நீங்கதானேம்மா டைம் ஆபீஸ்? எது சரியோ நீங்களே போட்டு நாளைக்குக் கொடுங்க.”

மதியம் டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டு முத்திரைகளையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இறந்த அன்று தம்பி, அவளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வந்தான். அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறவன். விடிகாலையில் செய்தி சொன்னேன். பதினொரு மணி வரை பார்த்தோம். வெயில் ஏறுகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி, ஈரத் தரையில் நான் உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றான். “லேட்டாயிடுச்சுக்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். “நீ எப்பவுமே அப்படித்தானே. என்னைக்கு உனக்கு அக்கறை இருந்துச்சு?” என்றேன். கூடத்தில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வந்த காலோடு அவன் போனான்.

அன்று ஏன் தாமதமானது என்று நான் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. ஊர் பெயர் தெரியாத லாரி டிரைவர்கூடத் தாமதமாக வந்தால் அவர் கையில் சீட்டைக் கொடுத்துக் காரணம் எழுதச் சொல்கிறவள் நான். கூடப் பிறந்தவனுக்குச் சீட்டே கொடுக்காமல் முத்திரையைக் குத்திவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. தம்பியின் வீட்டு விலாசம் மனப்பாடமாகத் தெரியும். இரண்டாவது மாடி. படிகளில் யாரோ ஈரத்துணி காயப்போட்டிருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு, திரும்பி ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

கதவைத் திறந்தவள் தம்பியின் மனைவி. கையில் சோப்பு நுரை. என்னைப் பார்த்ததும் அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“வாங்க அண்ணி” என்றாள். “அவர் இன்னும் வரல. இன்னைக்கு ஸ்டாக் எடுக்கிறாங்க. காலையிலயே வழக்கத்தைவிட சீக்கிரமா போனாரு. லேட்டாகும்னு சொன்னாரு.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லை என் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள் போல.

“பரவால்லம்மா. இருக்கேன்.”

சின்னக் கூடம். சுவரில் அம்மாவின் படம். என்னிடம் இருக்கும் அதே படம்தான். நான்கு வருடமாக இரண்டு சுவரில் ஒரே முகம். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னைக்கு அவன் ஏம்மா லேட்டா வந்தான்?” என்று கேட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“அவர் லேட்டா வரல அண்ணி. எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டோம். ரெண்டு பேரும்தான். தெருமுனையில மருந்துக்கடை இருக்குல்ல, அங்க வந்ததும் நின்னுட்டாரு. நான் வாங்க வாங்கன்னு கையப் புடிச்சு இழுக்கிறேன். கால் வரல. மூணு மணி நேரம் அங்கேயே நின்னாரு. அம்மாவ எடுத்துட்டுப் போறப்போ எங்களத் தாண்டித்தான் போனாங்க. யாரும் கவனிக்கல.”

“ஏன்?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“முந்தின நாள் நீங்க போன்ல சொன்னீங்களே அண்ணி. இனிமே நீ வந்து என்ன, வராட்டி என்ன, நீ எப்ப வந்தாலும் லேட்டுதான்னு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நானும் கேட்டேன்.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ‘சீக்கிரம் வாடா, அம்மாவுக்கு முடியல’ என்றுதான் சொன்னேன். நான்கு வருடமாக எனக்கு அது அப்படித்தான் நினைவிருக்கிறது. மறுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் மனதில் இன்னொன்று வந்து நின்றது. மூன்று நாளாக நான் கண் மூடவில்லை. தூக்குவது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் நான் ஒருத்திதான். அந்த நிலைமையில் யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

சொல்லவே இல்லை என்று ஒரு பக்கம். சொன்னதற்குக் காரணம் இருந்தது என்று இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குள் தயாராக இருந்தன. பத்தொன்பது வருடமாகப் புதிதாகவே இருக்கிற அந்த இரண்டாவது முத்திரையை எனக்காகத்தான் பத்திரமாக வைத்திருந்தேனா?

தம்பி அன்று என்ன காரணம் எழுதியிருப்பான்? மழை இல்லை. பஸ் ரிப்பேர் இல்லை. என் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் ‘லேட்டாயிடுச்சுக்கா’ என்று மட்டும் சொன்னான்.

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். “டீ போடட்டுமா அண்ணி?”

“அவன் வரட்டும்.”

மணி ஆறேமுக்கால். கைப்பையிலிருந்து காலையில் எழுதிய சீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காரணத்துக்கு நேரே வெள்ளையாக இருந்தது. காலையில் பஸ்ஸில் எனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்று இருக்கை. கூப்பிட முடியவில்லை. எனக்கு ஏன் முடியவில்லை என்று யாராவது கேட்டால், கூட்டம், திடீரென்று பார்த்த படபடப்பு என்று ஆயிரம் சொல்வேன். மருந்துக்கடை வாசலில் அவன் மூன்று மணி நேரம் நின்றதற்கு நான் வைத்த பெயர் அக்கறையின்மை.

ஏழு பத்துக்குப் படியில் காலடி கேட்டது. மெதுவாக ஏறுகிற காலடி. ஒரு படி தவறாமல் ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. என் செருப்பு அங்கேதான் கிடந்தது. இடதுபக்க வார் அறுந்து நானே தைத்த செருப்பு. அவனுக்கு என் தையல் தெரியும்.

கதவு திறக்கவில்லை. அவள் எழுந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள். வெளியே சத்தமே இல்லை. திரும்பிப் போய்விடுவானா, கோபமா, வெறுப்பா என்று மனம் ஓடத் தொடங்கியது. பிடித்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது தெருமுனை வரை நடந்து போயிருக்கலாம். நான் போயிருக்கலாம்.

எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

இரண்டு உள்ளங்கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். டைல்ஸ் தூசு சட்டை முழுவதும். முன்பக்கம் முடி இன்னும் அதிகமாக வெளுத்திருந்தது. என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“லேட்டாயிடுச்சுடா” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த செருப்பைப் பார்த்தான்.

“பஸ் கெடைக்கலையாக்கா?”

“பஸ் கெடைச்சுதுடா” என்றேன். “நான்தான் உன்னக் கூப்பிடல.”