இரண்டு தரிப்பிடமும் ஒரு பஸ்ஸும்

வேம்படிச் சந்தியில் பஸ் தரிப்பிடங்கள் இரண்டு இருந்தன. பஸ்தான் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வருகிற பஸ்கள் எல்லாம் மண்டைதீவுச் சந்தியில் ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பியும் பாராமல் வேலணைப் பக்கம் ஓடிவிடும். அங்கிருந்து ஊருக்குள்ளே வேம்படிக்கு வர, இரண்டு பக்கமும் கடல்காற்று அடிக்கிற வெட்டைவெளியில் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும். சண்டைக்கு முந்தி ஊருக்குள்ளும் ஒரு பஸ் ஓடியது. அது நின்றுபோய் ஒரு தலைமுறை வளர்ந்து, அந்தத் தலைமுறையில் பாதி விமானமும் ஏறிவிட்டது.

பஸ் வராத ஊருக்குத் தரிப்பிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. ரொறன்ரோவில் இருக்கிற குலசிங்கம் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, தெற்கே காலி நகரில் கடை வைத்து வாழ்ந்த தன் தகப்பன் தம்பையாவின் ஞாபகார்த்தமாகச் சந்தியின் வடக்குப் பக்கத்தில் ஒரு தரிப்பிடம் போட்டார். நாலு இரும்புத் தூண், பச்சைத் தகரம், உள்ளே இருக்க ஒரு வாங்கு, நெற்றியில் தம்பையாவின் படம். அந்தப் புதினம் முகநூலில் ஏறி ஒஸ்லோவுக்குப் போனது. அங்கே இருந்த நிரோஜினி, வள்ளங்கள் வைத்துக் கடலில் பேர்போன சம்மாட்டியாக இருந்த தன் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளைக்கு நேரெதிரே இன்னொன்று போட்டாள். நீலத் தகரம், வாங்குக்கு மாபிள், மேலே சூரிய விளக்கு. குலசிங்கம் சும்மா இருப்பாரா? அடுத்த மாதமே பச்சைத் தரிப்பிடத்துக்கும் விளக்கு வந்தது, கூடவே முகம் பார்க்கும் கண்ணாடியும். பிள்ளை பிறக்கமுதல் பேர் வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் பிறக்காத பிள்ளைக்குக் காதும் குத்தி முடித்திருந்தார்கள்.

ஆடுகளுக்குத்தான் நல்ல காலம். காலையில் நீலத்தில் படுக்கும், வெயில் திரும்பப் பச்சைக்கு மாறும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கடந்துபோக நாகபூசணிக்கு வசதி இல்லை. அவள் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். கலியாணச் சேலைக்குச் சட்டை தைப்பதில் கை தேர்ந்தவள். புருசன் கட்டாரில் லொறி ஓடினான். மகள் தனுசியா உயர்தரம் படித்தாள். காலையில் நடந்து பெரிய வீதிக்குப் போனால் ஒரு பஸ் முன்னுக்குப் போய்விட்டிருக்கும், அடுத்தது நிரம்பி வழிந்து நிற்காமல் போகும். கடை முதலாளியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார்.

"நாகபூசணி, உம்மட கையைப்போலக் கை எனக்குக் கிடைக்காது. ஆனால் நீர் வரமுதல் கலியாணமே முடிஞ்சிடும் போல கிடக்கு. வாற மாசம் ரவுணுக்கை ஒரு அறை எடும். இல்லாட்டி நான் வேற ஆளைப் பாக்கவேணும்."

தப்பான பேச்சு என்று சொல்ல முடியாது. அறையும் ஒன்று சரிவந்தது. தனுசியாவின் ரியூசனுக்கும் அது கிட்ட. ஊரில் எல்லாரும் "போ, பிள்ளை" என்றார்கள். நாகபூசணி திரும்பி வரும்போது ஒரு பெரிய ஆமைப்பூட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தாள். அவளுடைய ஒழுங்கையில், ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கிற வாசல் படலைகள்தான் திறந்தவற்றைவிடக் கூட. முதலில் பூட்டு வரும், பிறகு துரு வரும், அதற்குப் பிறகு படலையில் கொடி படரும். தன் படலையும் அந்த வரிசையில் சேரப்போகிறது என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டு, வேம்படி சனசமூக நிலையத்தின் செயலாளர் என்ற முறையில், பஸ் கேட்டு டிப்போவுக்குப் போய்க் கதிரையில் குந்திவிட்டாள். போகிற வருகிற நேரமெல்லாம் போய்க் குந்தினாள். கடைசியில் அங்கே இருந்த அதிகாரிக்கே அவளுக்குத் தேத்தண்ணி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு பஸ் தருகிறோம், முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

ஓட்டிப் பார்த்த அன்றுதான் ஊரின் மானம் போனது. சந்தியில் நிறைகுடம் வைத்து, மாலையும் தேங்காயுமாக எல்லாரும் நின்றார்கள். பஸ் ஆடி அசைந்து வந்தது. சந்தியில் திரும்பவேண்டும். முன்னுக்கு எடுத்தால் பச்சைத் தகரத்தில் முட்டியது, பின்னுக்கு எடுத்தால் நீலத் தூணில் இடித்தது. சாரதி இறங்கி வந்து இரண்டையும் பார்த்தார். நெற்றியில் இருந்த இரண்டு படங்களையும் பார்த்தார்.

"ஆரப்பா பஸ் திரும்புற இடத்தில பஸ் ஹோல்ட் கட்டினது?" என்று கேட்டார்.

பஸ் வந்த வழியே பின்பக்கமாகப் போனது. தேங்காயை உடைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது மாலையை ஒரு ஆடு தின்றுவிட்டது. அதிகாரி போகமுதல் நாகபூசணியைக் கூப்பிட்டு, "ரெண்டில ஒண்டை எடுத்தால் காணும், தங்கச்சி. மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கோ. வேற ஊர்க்காரரும் கேட்டுக்கொண்டு நிக்கினம்" என்றார். சாமி வரம் கொடுத்துவிட்டார், பூசாரிகள்தான் கனடாவிலும் நோர்வேயிலும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் அம்புறோஸ். நாலு வள்ளம் வைத்திருக்கிற மனிதர், பஸ்ரியாம்பிள்ளையின் தம்பி. கடல்காற்றுக்கு மேலாகக் கத்திப் பழகிய குரல். தனுசியாவின் போனில் ஒரு பக்கம் குலசிங்கம், தொப்பியும் நித்திரைக் கண்ணுமாக. மறுபக்கம் நிரோஜினி.

"என்ர அப்பான்ர பேரை உடைக்க நான் விடமாட்டன்" என்றார் குலசிங்கம். "முதல் கட்டினது நான். பேந்து வந்ததை எடுங்கோ."

"அண்ணை, நீங்கள் கட்டேக்க அளந்தோ கட்டினனீங்கள்? உங்கட வாசல் றோட்டுக்குள்ள நிக்குது" என்றாள் நிரோஜினி. "எங்கட அப்பான்ர படத்தில கை வைக்க ஏலாது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். ஊர் ஆட்களும் பச்சைக் கட்சி, நீலக் கட்சி என்று பிரிந்துவிட்டார்கள். ஒருநாளும் அந்த வாங்குகளில் இருக்காதவர்கள்கூடத் தங்கள் வாங்குக்காக வாதாடினார்கள். கடைசியில் போனில் சார்ஜ் போய்விட்டது, அதோடு கூட்டமும் போய்விட்டது.

நாகபூசணி வீட்டுக்கு நடந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தக் குலசிங்கத்தை அவளுக்குத் தெரியாதா? போன வருசம் அம்மன் கோயில் தேருக்கு வடத்தில் முதல் ஆளாகக் கை வைக்கவேண்டும் என்று ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிய மனிதர். நிரோஜினி மாத்திரம் என்ன? மாதா கோயில் பெருநாளுக்கு ஒஸ்லோவில் இருந்தபடியே, மாதாவின் சிலையைச் சுமந்து வருகிற சுருவக் கூடு தங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றது என்று போனில் விசாரிப்பவள். மரியாதையில் ஒரு இம்மி குறைந்தால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்குத் திரும்பினாள். அங்கே அம்புறோஸும் பெடியளும் ஒரு வள்ளத்துக்குக் கீழே பனங்குற்றிகளைப் போட்டு, அதை உருட்டி உருட்டிக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்புறோஸ் அண்ணை, உந்த வள்ளம் பாரமோ, எங்கட தரிப்பிடம் பாரமோ?"

அம்புறோஸ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உது என்ன கேள்வி? வள்ளத்துக்குக் கிட்டவும் வராது. நாலு தூணும் கொஞ்சத் தகரமும்."

"அப்ப ஏன் உடைக்கவேணும்? தூணைத் தோண்டி எடுத்து, குற்றி போட்டு, முழுசா இழுத்துக்கொண்டு போகலாமெல்லோ?"

அம்புறோஸ் வள்ளத்தைப் பார்த்தார், குற்றிகளைப் பார்த்தார். பிறகு பெடியள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "இழுக்கலாம். ஆனால் ஆரின்ரயை இழுக்கிறது? அதுக்கும் சண்டைதானே பிடிப்பினம்."

"பிடிப்பினம். பிடிக்கத்தான் வேணும்" என்றாள் நாகபூசணி. "நீங்கள் நிரோஜினியோட கதையுங்கோ. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கதையுங்கோ. மிச்சம் தானா நடக்கும்."

அடுத்த கூட்டத்துக்குப் போனை நிரம்பச் சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அம்புறோஸ் எழும்பினார்.

"நிரோஜினி, பிள்ளை, சித்தப்பா சொல்லுறதைக் கேளும். ஒண்டையும் உடைக்கேல்லை. கொப்பரின்ர தரிப்பிடத்தை வள்ளம் இழுக்கிற மாதிரி முழுசா இழுத்துக்கொண்டு போய் மாதா கோயிலடியில வைக்கப்போறம். பஸ் அங்கையும் நிக்கும். பாண்ட் வாத்தியம் பேசியாச்சு. ஊரே வடம் பிடிக்கும், வீடியோவில காட்டுவம். கொப்பர் செத்தநேரம் உமக்கு வர ஏலாமப் போச்சுது. இதையாவது கண்ணால பாரும்."

போனில் நிரோஜினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நாகபூசணி சொல்லச் சொன்னதைவிடக் கூடுதலாக, சொந்த மனத்திலிருந்தே அம்புறோஸ் சொல்லிவிட்டார். கூட்டத்தில் இருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். "இழுங்கோ, சித்தப்பா" என்றாள் நிரோஜினி கடைசியில்.

நாகபூசணி மற்றப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவில் தொப்பி கழன்றது. நித்திரை பறந்தது.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! அதென்ன நியாயம்? முதல் கட்டினது ஆர்? எங்கட அப்பான்ரதான் முதல் போகவேணும்!"

"குலசிங்கமண்ணை, நீங்கள்தானே தொடக்கூடாது எண்டு சொன்னனீங்கள்?" என்றாள் நாகபூசணி, பால்குடிப் பிள்ளையைப்போல முகத்தை வைத்துக்கொண்டு.

"உடைக்கக்கூடாது எண்டு சொன்னனான். இழுக்கக்கூடாது எண்டு சொன்னனானோ? அப்பாவுக்கு நாதஸ்வரம் வேணும், தவில் வேணும். பாண்டுக்கு முன்னால போகவேணும்."

"ஓமண்ணை. எங்க வைப்பம்?"

அதற்கு மட்டும் குலசிங்கம் யோசித்தார். குரல் இறங்கிவிட்டது. "எங்கட வீட்டுப் படலையடியில வையுங்கோ. அந்தக் காலத்தில பஸ் ஓடேக்க, அப்பா ஒருநாளும் சந்திக்கு நடக்கமாட்டார். குடையைப் பிடிச்சுக்கொண்டு படலையடியிலதான் நிப்பார். பஸ்தான் நிக்கவேணும்."

ஒன்றை எடுத்தால் காணும் என்று அதிகாரி சொன்னார். இவர்கள் இரண்டையும் எடுத்தார்கள்.

இழுத்த அன்று தேர் எது, திருவிழா எது என்று தெரியவில்லை. அம்மன் கோயிலிலிருந்து பழைய வடம் வந்தது, கடற்கரையிலிருந்து பனங்குற்றி வந்தது. கோயில் ஆட்கள் தேருக்குத் தடை போடுகிற சறுக்குக்கட்டையோடு நிற்க, கடல் ஆட்கள் குற்றியை எடுத்து எடுத்து முன்னுக்குப் போட்டார்கள். "அரோகரா" என்று கூப்பிடுவதா "ஏலேலோ" என்று கூப்பிடுவதா என்பதில் மட்டும் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. பச்சைக்கு அரோகரா, நீலத்துக்கு ஏலேலோ என்று பேசித்தான் தொடங்கினார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கியபோது யார் எதைக் கூப்பிட்டார்கள் என்று அந்த அம்மனுக்கும் மாதாவுக்கும்தான் வெளிச்சம்.

தனுசியா போனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். ஒரு மேட்டில் பச்சைத் தரிப்பிடம் தடக்கென்று குலுங்கியது. போனுக்குள்ளிருந்து குலசிங்கம் கத்தினார்.

"மெதுவா, மெதுவா! அப்பாவுக்கு இடுப்பு நோ!"

வடம் பிடித்தவர்கள் சிரிப்புத் தாங்காமல் வடத்தை விட்டுவிட்டு வீதியில் இருந்துவிட்டார்கள். குலசிங்கமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பூட்டிக் கிடந்த அவருடைய வீட்டுப் படலைக்கு முன்னால் தரிப்பிடத்தை இறக்கியபோது, படத்தில் இருந்த தம்பையா பஸ்ஸை மறிக்கத் தயாராக நிற்பதுபோலத்தான் இருந்தது.

அடுத்த கிழமை பஸ் வந்தது. சந்தியில் ஒரே வெட்டில் திரும்பியது. சாரதி பெருமைக்கு இன்னொரு சுற்றும் சுற்றிக் காட்டினார். படுக்க இடமில்லாத ஆடுகள் மட்டும் வெறும் சந்தியில் நின்று ஊரைத் திட்டின.

நாகபூசணிக்கு முதல்நாளே பிந்திவிட்டது. ஒழுங்கை வாசலில் ஹோர்ன் கேட்டதும் சாப்பாட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஏறினாள், சன்னலோரம் இருந்தாள். பஸ் நகர்ந்தது. சாரதி கண்ணாடியில் அவளைப் பார்த்து, "அக்கா, உங்கட படலை திறந்து கிடக்கு. ஆடுகள் உள்ளுக்குப் போகுதுகள். நிப்பாட்டட்டோ?" என்று கேட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். மெய்தான். படலை ஆவென்று கிடந்தது. முதல் ஆடு அவளுடைய வாழைக்கன்றுக்குக் கிட்டப் போய்விட்டது. ஆமைப்பூட்டு அலுமாரிக்குள், வாங்கி வந்த பையோடேயே கிடந்தது.

"வேண்டாம் தம்பி, நீங்கள் எடுங்கோ" என்றாள் நாகபூசணி. "அதுகளுக்குப் பின்னேரம் வந்து அடிக்கிறன். பின்னேரம் வீட்டை வருவன்தானே."