லீவு லெட்டரில் ஒரு கையெழுத்து

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கடல் இரைச்சலில் என் குரல் எட்டாது. நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒருத்தியின் கதை சொல்கிறேன். முடிகிற வரைக்கும் எழுந்து போகக் கூடாது.

அறுபத்தேழாம் வருஷம். நம் தீவில் பாம்பூஃப்ளாட்டில் குடியிருந்த சந்திரமதி தினமும் படகில் அக்கரை போய், ஃபீனிக்ஸ் பேயில் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டு வருவாள். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கினால் மூன்று நாளைக்குத் தரை ஆடும், நமக்கெல்லாம் பழக்கம்தான். லீவு முடிந்து வந்த அவளுக்கோ ஒரு மாதமாகியும் ஆட்டம் நிற்கவில்லை.

"கப்பல் இன்னும் உன்னை விட்டு எறங்கலையா புள்ள?" என்று கடைக்கார ரம்ஜான் பீவி கேலி செய்தாள். சந்திரமதியும் சிரித்தாள். அப்புறம் இடது கால் மரத்துப் போனது, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கணவன் ஜெகநாதன் மெட்ராஸுக்குக் கூட்டிப் போனான். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார், முடிவைக் கடிதத்தில் எழுதுவதாகச் சொன்னார். அவர்கள் ஊர் திரும்பியபின், அடுத்த கப்பல் தபாலில் கடிதம் வந்தது. ஜெகநாதன் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"என்ன எழுதியிருக்காருங்க?"

"நரம்புத் தளர்ச்சியாம். படகுல போய் வர்றதுதான் உனக்கு ஆகலை. வெந்நீர்ல குளிச்சிட்டு வீட்லயே இரு. இந்தா, லீவு லெட்டர். இங்க போடு."

அவன் விரல் வைத்த இடத்தில் போட்டாள்.

வெந்நீர் ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் கால் துவண்டது, கண் இன்னும் மங்கியது. நாத்தனார் ருக்குதான் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து தலை துவட்டிவிடுவாள். பிறகு தையல் வகுப்பு என்று சொல்லிப் படகேறிவிடுவாள்.

மூன்றாம் மாதம் பார்வை தானாகத் தெளிந்தது. கால் தரையை உணர்ந்தது. ஜெகநாதன் காண்ட்ராக்ட் வேலையாக ரங்கத் போயிருந்தான். சந்திரமதி நல்ல புடவை கட்டிக்கொண்டு படகேறினாள்.

அலுவலகத்தில் அவள் நாற்காலியில் ருக்கு உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி..."

"தையல் நல்லா வருதாடி?"

ஹெட் கிளார்க் பக்தவத்சலம் பதறி எழுந்தார். "என்னம்மா, நீதான் ராஜினாமா குடுத்துட்டியே! நீ இனிமே எழுந்திரிக்கவே மாட்டேன்னு உன் வீட்டுக்காரர் அழுதாரே. டாக்டர் லெட்டர்கூட ஃபைல்ல இருக்கு, நோய் பேரைப் பார்த்ததோட மூடி வெச்சுட்டேன்."

வாங்கிப் படித்தாள். நோயின் பேர் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். நரம்பின் மேலுறை அங்கங்கே அழிந்து போகிறது. கிருமி என்பாரும் உண்டு, உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிறது என்பாரும் உண்டு. காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. தீர்க்க மருந்தில்லை. அதிகமாகும்போது ஊசி போட்டால் சீக்கிரம் தணியலாம். வெந்நீர்க் குளியல் ஆகாது. வந்து வந்து போகும். நன்றாக இருக்கும் நாளில் வேலை பார்க்கலாம். கடைசி வரி: நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜெகநாதன் ரங்கத்திலிருந்து வந்ததும், ஹெட் கிளார்க்கிடம் கேட்டு வாங்கி வந்த கடிதத்தை அவன் முன்னால் வைத்தாள். "வெந்நீர் ஆகாதுன்னு எழுதியிருக்கு. படிச்சிட்டுத்தானே தினம் காயவெக்கச் சொன்னீங்க?"

அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இதமா இருக்கும்னு நெனச்சேன். எப்படியும் நீ படுத்துடுவே... ருக்குவுக்கும் ஒரு வழி வேணுமில்ல?"

"எனக்கு வந்த நோயை எனக்கே சொல்லாம, அதை வெச்சு அவளுக்கு வேலை வாங்கினீங்க."

மறுநாள் டாக்டருக்கு அவளே கடிதம் எழுதினாள்: வேலைக்குத் தகுதி என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும், அந்த ஊசி இங்கே கிடைக்குமா என்று தெரிய வேண்டும். பதில் முகவரியாக ரம்ஜான் பீவியின் கடையைப் போட்டாள். கப்பல் புறப்படுமுன் தன் காலால் நடந்து போய்த் தபாலில் சேர்த்தாள். கால் லேசாக ஆடத்தான் செய்தது. அது என்ன ஆட்டம் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் யாரும் நோய்நொடியில் விழாமல் இருக்கட்டும். விழுந்தாலும், தலை துவட்டுகிற கை உண்மையான கையாக இருக்கட்டும். அவரவர் கடிதம் அவரவர் கைக்கே வந்து சேரட்டும்.