பிரிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள்

போன வருஷப் பந்தயத்தில் பவுனு பார்த்ததெல்லாம் ஒரு முதுகுதான். எஸ்டேட் கங்காணி அம்மாவாசியின் முதுகு.

கம்பத்துக்காரர்களுக்கும் அல்லிநகரத்துக்காரர்களுக்கும் சடுகுடு. அவள் புருஷன் சுருளியாண்டி கம்பத்துக்காகப் பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். சத்தம் அவளுக்குக் கேட்டது, ஆட்டம் தெரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதனால் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். கடைசியில் இருந்த பெண்கள் வண்டிச் சக்கரத்தில் ஏறிப் பார்க்கப் போய், வண்டி சாய்ந்து, பவுனோடு நடவுக்கு வருகிற ராமுத்தாய்க்குக் கால் பிசகியது. வீட்டுக்கு வந்த சுருளியாண்டி, "நான் போனதப் பாத்தியா?" என்று ஆசையாகக் கேட்டான். "பாக்காம என்ன?" என்று பொய் சொன்னாள் பவுனு. அந்தப் பொய் வருஷம் பூராவும் அவள் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உறுத்தியது.

அவள் நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். இருபத்திரண்டு பெண்கள் அவள் சொன்ன இடத்தில் இறங்கி, அவள் சொன்ன இடத்தில் கரையேறுவார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அவள் கூப்பிட்டால் அந்தப் பக்கத்து வயலில் நிமிர்ந்து பார்ப்பார்கள். மாசி அறுப்பு முடிந்து, தாள் கிடந்த வயலில் இந்த வருஷப் பந்தயம் என்று தெரிந்ததும், விசில் ஊதுகிற டிரில் மாஸ்டர் பால்பாண்டியிடம் நேராகப் போய் நின்றாள்.

"வாத்தியாரய்யா, உக்காந்து பாக்குறவுக முன்னாடி இருக்கட்டும். நின்னு பாக்குறவுக பின்னாடி போகட்டும். நடுவுல ஒரு வைக்கோல் பிரியப் போட்ருவோம்."

"நல்ல யோசனைதாம்மா. ஆனா யாரு கேப்பாக?"

"கேக்க வைக்கிறது என் பாடு."

பந்தயத்தன்று வெயில் ஏறும் முன்பே அவளும் அவள் ஆட்களும் வயலில் இருந்தார்கள். கோடு கிழித்த களத்தைச் சுற்றி, பத்தடி தள்ளி, வைக்கோலைக் கயிறாக முறுக்கிய பிரியை நீட்டிப் போட்டார்கள். ராமுத்தாயும் மற்றவர்களும் நடுக்கோட்டுக்கு நேராக முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கிய அல்லிநகரத்து ஆட்கள் முகமெல்லாம் கறுத்துப்போய் வந்தார்கள். அவர்களையும் பவுனு விடவில்லை. "உக்கார்றவுக இங்கிட்டு, நிக்கிறவுக அங்கிட்டு. உள்ளூரு வெளியூருனு இங்கன கெடையாது."

சிலர் சிரித்தார்கள். சிலர், "பொம்பளைக முன்னாடியா?" என்று முணுமுணுத்தார்கள். "நீங்களும் உக்காருங்க, முன்னாடி எடம் கெடக்குல்ல" என்றாள். வேட்டியில் மண் படுமே என்று யோசித்தவர்கள் பின்னால் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் அம்மாவாசி வந்தான். தலையில் பெரிய உருமால், தோளில் கம்பளிக் கோட்டு. பிரியைத் தாண்டி முன்னால் வந்து தூண் மாதிரி நின்றான்.

"அண்ணே," என்றாள் பவுனு, "ஒண்ணு உக்காருங்க. இல்லனா பிரிக்கு அங்கிட்டுப் போயி நில்லுங்க."

"ஏத்தா, யாருகிட்டப் பேசுற? மலையில நூறு பேரு என் முன்னாடி நிக்கிறான் தெரியுமா?"

"அங்கன அவுக நிக்கட்டும். இங்கன நீங்க உக்காருங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாவாசியின் முகம் சிவந்தது. அவன் அசையவில்லை. பவுனு எழுந்து பக்கத்தில் போனாள். அப்போதுதான் அவன் வலது காலை மடக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து ஊன்றியிருப்பதைக் கவனித்தாள்.

"முட்டி மடங்காதாண்ணே?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"தேயிலக் காட்டுல வழுக்கி விழுந்தது," என்றான் அவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ரெண்டு வருசமாச்சு. தரையில உக்காந்தா ரெண்டு பேரு தூக்கி விடணும்."

பவுனு திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். நாலு பெண்கள் வைக்கோல் கட்டு இரண்டைத் தூக்கிவந்து, நடுக்கோடு முடிகிற எதிர் ஓரத்தில் அடுக்கினார்கள். அங்கே அவனுக்குப் பின்னால் வரப்புதான், மறைபடுவதற்கு ஆள் இல்லை. அம்மாவாசி காலை நீட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு, தானே தேர்ந்தெடுத்த இடம் போல நாலா பக்கமும் பார்த்தான்.

ஆட்டம் சூடு பிடித்தது. பவுனுக்கு ஒவ்வொரு கால்வைப்பும் தெரிந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றபோது, கடைசியாகப் பாடிப் போனவன் சுருளியாண்டி. "சடுகுடு சடுகுடு" என்று மூச்சு விடாமல் உள்ளே போனான். ஒருவனைத் தொட்டான். திரும்புகிற நேரத்தில் அல்லிநகரத்துச் சின்னக்கருப்பு அவன் கணுக்காலைப் பிடித்தான். இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள்.

பின்னால் கூட்டம் கத்திக்கொண்டு பிரி வரைக்கும் நெருக்கியது. ராமுத்தாய் பாதி எழுந்துவிட்டாள். பவுனு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தன் புருஷன் மண்ணில் கிடந்து இழுபடும்போது எந்தப் பெண்ணுக்கு உட்காரத் தோன்றும்? பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். சுருளியாண்டியின் கை நடுக்கோட்டை நோக்கி நீண்டது. நீண்டுகொண்டே வந்து நின்றது. பாட்டு அறுந்து மூச்சு விட்டுப்போனது.

"தொட்டுட்டான்!" என்று பின்னாலிருந்து இருநூறு பேர் கத்தினார்கள்.

"தொடல!" என்றான் சின்னக்கருப்பு.

ஆட்கள் குவிந்து கிடந்ததில் பால்பாண்டிக்குக் கை தெரியவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் மார்போடு மார்பு மோதி நின்றார்கள். ஒருவன் வண்டியிலிருந்து ஊனுகம்பை உருவினான். பால்பாண்டி விசிலை விடாமல் ஊதினார்.

"நின்னவுக பேசாதீக! கோட்டுக்கு நேரா உக்காந்திருந்தவுக யாரு? அவுக சொல்லட்டும்," என்றார் அவர்.

எல்லாக் கண்ணும் பவுனு மேல் விழுந்தது. அவள் எழுந்தாள். நேராக நடுக்கோட்டுக்குப் போய்க் குனிந்து, கோட்டை ஒட்டி நாலு விரலை மண்ணில் வைத்தாள்.

"இம்புட்டுப் பாக்கி."

கம்பத்துக்காரன் ஒருவன், "புருசனயே காட்டிக் குடுக்குறா பாரு!" என்றான். வைக்கோல் கட்டின் மேலிருந்து அம்மாவாசி குரல் கொடுத்தான். "அந்தப் பிள்ள சொல்றது நெசம். நானும் பாத்தேன்."

சுருளியாண்டி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். அவள் விரல்களைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

"நாலு இல்ல," என்றான். "மூணு."

சின்னக்கருப்புதான் முதலில் சிரித்தான். ஊனுகம்பு வண்டிக்குத் திரும்பிப் போனது.

வெயில் தாழ சுருளியாண்டியும் அவளும் வீட்டுக்கு நடந்தார்கள். பவுனு வலியப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் அவனே கேட்டான். "நான் எதுல மாட்டினேன்?"

"எடது காலு. ஒருத்தனத் தொட்டதும் நீங்க சோக்கா ஒரு சுத்துச் சுத்துனீக. அப்ப எடது காலு தேங்குது. மொத ரெண்டு தரமும் தேங்குச்சு. சின்னக்கருப்பு அதத்தேன் பாத்துக்கிட்டே இருந்தான்."

சுருளியாண்டி நின்றான். துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு, அறுத்த வயலில் இறங்கி, யாரையோ தொடுவது போல் எட்டிச் சுழன்றான்.

"இப்ப?"

"இப்பவும் தேங்குது," என்று சொல்லி, பவுனு வரப்பில் உட்கார்ந்தாள். "இன்னொருக்கா போங்க."