குவாரி விளிம்பில் குதிரை

என் மனைவி மாட்டு டாக்டர். நான் ரைஃபிள் கிளப்பில் காகிதத்தைக் கொல்கிறவன். பாதி நாள் காகிதம் பிழைத்துக்கொள்ளும். அதனால் அவள் போன் செய்து, "துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் கல்குவாரிக்கு வாங்க" என்றபோது, என்மேல் இவ்வளவு நம்பிக்கை எப்போது வந்தது என்று நெகிழ்ந்துபோனேன்.

"கிளப்புல வேற யாரும் போனை எடுக்கல" என்றாள்.

குவாரியின் எதிர்ச்சுவரில், பாதி ஆழத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதில் எங்கள் ஊர்க் குதிரை வண்டிக்காரரின் குதிரை கிடந்தது. மேயப் போன இடத்தில் சரிந்து விழுந்து, முன்னங்கால் இரண்டும் முறிந்திருந்தன. கயிறு கட்டி இறங்கப் பார்த்தார்கள். பாறை உதிர்ந்து குதிரை மேலேயே விழுந்ததும் விட்டுவிட்டார்கள். ஊசி போட அங்கே கை எட்டாது.

"ஒரே வெடியில முடிஞ்சிடும்ல, சார்?" என்றார் வண்டிக்காரர்.

குறி தப்பினால் அது மிரண்டு துள்ளும். உயிரோடு கீழே போகும். "முடிஞ்சிடும்" என்றது என் வாய். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பாறையில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் குழலை முன்னே தாங்கும் பைபாடின் இரண்டு கால்களையும் விரித்தேன். கிளப்பில் எனக்குத் தவளை என்று பெயர். சிமென்ட் தரையில் நான் சுட்டால் அந்தக் கால்கள் தவளை மாதிரி எகிறும். குண்டு மேலே போய்விடும். இங்கேயோ வெறும் கல்.

"அடியில மெத்துனு ஏதாவது வேணும்."

வண்டிக்காரர் குதிரையின் முதுகு விரிப்பை மடித்துப் போட்டார். துப்பாக்கியின் பின்கட்டைக்கு முட்டுக் கொடுக்கும் மணல் பையை நான் வீட்டிலேயே மறந்திருந்தேன்.

"என்னையே ஒருதடவை ஸ்டேஷன்ல மறந்துட்டு வந்தவர்தாண்ணே" என்றாள் மனைவி. அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வண்டியிலிருந்து தீவனப் பையைக் கொண்டுவந்தார்.

பையைப் பிசைந்ததும் பின்கட்டை உயர்ந்து குறி இறங்கியது. தோளால் துப்பாக்கியை மெல்ல முன்னே தள்ளி, பைபாட் கால்களில் என் பாரத்தை ஏற்றினேன். கண்ணை மூடித் திறந்தேன். குறி இடப்பக்கம் விலகியிருந்தது. துப்பாக்கியைத் திருகாமல், தொப்பையும் நானுமாக நகர்ந்து படுத்தோம். இப்போது சரியாக நின்றது. ஆனால் குதிரை வலியில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, நீங்க கூப்பிட்டா இந்தப் பக்கம் பாக்குமா?" என்றேன்.

"நான் கூப்பிட்டு..." என்று நிறுத்தினார். "நீங்க சுடுறதுக்கா?"

"அது படுற வேதனைக்கு வேற வழி தெரியலண்ணே" என்றாள் மனைவி.

அவர் என் பக்கத்தில் குந்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"வாடி கண்ணு! சாப்பிட வாடி!"

தலை நிமிர்ந்தது. காதுகள் முன்னே வந்தன. ஆடாமல் அவரையே பார்த்தது. மூச்சை விட்டு, விசையை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே கிடந்தேன்.

பைபாட் கால்கள் எகிறவில்லை; துப்பாக்கி அசையவில்லை. அதனால் ஸ்கோப்பிலேயே, குண்டு போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். அப்படி ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று கிளப்பில் எத்தனை வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன்.

"முடிஞ்சிடுச்சு" என்று மனைவி பைனாகுலரை இறக்கினாள்.

வண்டிக்காரர் கேட்டார்: "வெடிச் சத்தத்துல பயந்திருப்பாளா, சார்?"

"இல்லண்ணே. குண்டு சத்தத்தை விட வேகமாப் போகும். அவளுக்கு வெடி கேட்டிருக்காது. நீங்க கூப்பிட்டதுதான் கேட்டுச்சு."

அவர் நம்பாமல் டாக்டரைப் பார்த்தார். நான் சொன்னதை ஒருநாளும் அப்படியே ஒப்புக்கொள்ளாதவள், மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

தீவனப் பையில் என் கை அழுத்திய பள்ளம் இருந்தது. அவர் அதைத் தட்டிச் சமமாக்கி, தோளில் போட்டுக்கொண்டார்.