மேல் பலகையில் ஒரு மாவுப் பொம்மை

சைமி இல்போவோடு பேசுவதில்லை. அதற்காக அவனிடம் வேலை வாங்காமலும் இல்லை. எது வேண்டுமானாலும் தம்பி ஆர்வோ வழியாகத்தான் வரும். "ஆர்வோ, பால் வேணும்னு அந்த ஆளுகிட்ட சொல்லு" என்பாள். அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். மூன்று வயது ஆர்வோ மெனக்கெட்டுத் திரும்பி, "பால் வேணுமாம்" என்பான். இல்போவும் ஆர்வோவிடமே, "இதோ தர்றேன்னு சொல்லு" என்பான். கோடை முடிந்து அவன் அவர்களுடைய அம்மா கிர்சியோடு வாழ இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இதுதான் நடைமுறை.

குழந்தைகளின் அப்பா ஸ்வீடனுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அதில் இல்போவுக்கு ஒரு பங்கும் கிடையாது. கிர்சியை அவன் பார்த்ததே அதற்கு அப்புறம்தான். ஆனால் ஐந்து வயதுப் பெண்ணிடம் போய் வழக்காடவா முடியும்? வந்த முதல் சனிக்கிழமை எல்லோருமாக வீட்டு நீராவி அறையான சவுனாவுக்குள் போனபோது, மேல் பலகையின் மூலையில் உட்காரப் போனான். "ஆர்வோ, அது அப்பா இடம்னு சொல்லு" என்றாள் சைமி. அன்றிலிருந்து அவனுக்குக் கீழ் பலகைதான். சூடெல்லாம் மேலே போய்விடும். கீழே உட்கார்ந்தவனுக்கு ஒழுங்காக வியர்க்கக்கூட வியர்க்காது. கிர்சி மேலிருந்து அவன் தலையைக் கோதி, "கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்பாள். அவனும் பொறுத்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

நவம்பரில் குழந்தைகள் இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் அம்மை போட்டது. கிர்சி ஆஸ்பத்திரி நர்ஸ். அந்த வாரம் பார்த்து அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ் ஓட்டும் இல்போ லீவு எடுத்துக்கொண்டான். வெளியே மழையா பனியா என்று தீர்மானிக்காத ஏதோ ஒன்று நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே படம் வரைந்தாயிற்று, கதை படித்தாயிற்று, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ்ஸும் ஓட்டியாயிற்று. அதற்கு மேல் அவனிடம் சரக்கு இல்லை. இரண்டும் சொறிந்துகொண்டு, அழுதுகொண்டு, ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வீட்டை இரண்டாக்கின.

வாசல் கதவில் கடிதம் போடும் இடுக்கின் மூடி மெல்லத் திறந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தெல்லெர்வோவின் வாய் மட்டும் தெரிந்தது.

"என்னப்பா, உள்ள கொலை கிலை நடக்குதா?"

"வந்து நீங்களே பாருங்களேன்."

"நானா? எனக்குச் சின்ன வயசுல அம்மையே போடல. இந்த வயசுல வந்தா நேரா கல்லறைதான். ஏன், மாய மாவு பண்ணிக் குடுக்கறதுதானே?"

"அது எப்படிப் பண்றது?"

"அட கடவுளே, நீ எந்த நாட்டுல வளர்ந்தே? மைதா மாவு எடுத்துக்கோ. அதுல பாதி உப்பு, பாதி வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சூண்டு எண்ணெய். கை வலிக்கற வரைக்கும் பிசை."

"எடுத்துத் தின்னுட்டாங்கன்னா?"

"அவ்வளவு உப்பை யாரு திம்பா? வாயில வெச்ச உடனே துப்பிடுவாங்க. நீ பக்கத்துலயே இரு, போதும். செஞ்சதெல்லாம் சவுனால மேல் பலகையில வெச்சிரு. லேசான சூடு போதும், வெடிக்காமக் காயும்."

மூடி படக்கென்று விழுந்தது. ஃபின்லாந்தில் எல்லாப் பிள்ளைகளும் உருட்டி விளையாடும் அந்த மாவு இல்போவின் வீட்டில் மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது. தெல்லெர்வோ சொன்னபடியே பிசைந்து மேஜையில் வைத்தான். ஆர்வோ ஒரு துண்டை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். அதோடு தின்னும் ஆசை தீர்ந்தது.

பிறகு வீட்டில் சத்தமே இல்லை. சொறிந்த கைகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆர்வோ பாம்பு பாம்பாக உருட்டி, எல்லாமே பஸ் என்றான். சைமி நாக்கைத் துருத்திக்கொண்டு ஆட்களைச் செய்தாள். இல்போ பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டி, "தெல்லெர்வோ, நீங்க நல்லா இருக்கணும்!" என்று கத்தினான். பதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டு வந்தது.

"ஆர்வோ, பேப்பர் கிளிப் இருக்கான்னு அந்த ஆளுகிட்ட கேளு."

எதற்கென்று கேட்காமல் இல்போ எடுத்துக் கொடுத்தான்.

மாலையில் பொம்மைகளை ஒரு மரத் தட்டில் அடுக்கினான். அம்மா, சைமி, ஆர்வோ, தொப்பி போட்ட அப்பா. தட்டில் வேறு யாரும் இல்லை. வேறு யாராவது இருப்பார்கள் என்று எதிர்பார்த்தது தன் தப்பு என்று சொல்லிக்கொண்டான். ஆனாலும் மனசு வலிக்கத்தான் செய்தது. தட்டை மேல் பலகையில் வைத்துவிட்டு வந்தான்.

சனிக்கிழமை கிர்சி வீட்டில் இருந்தாள். "இதுங்களுக்கு இன்னும் புண்ணு ஆறல, சவுனா வேணாம். நீ மட்டும் போய்ட்டு வா, இந்த வாரம் ரொம்பப் பாடு பட்டுட்டே" என்றாள். சூடேற்றுவதற்கு முன்பே பொம்மைத் தட்டை இல்போ பத்திரமாக வெளியே எடுத்தான். நீராவி பட்டால் எல்லாம் கூழாகிவிடும். அப்பாவின் கால் விரிசல் விட்டிருந்தது. விரலை நனைத்து அதையும் தடவிச் சரிசெய்தான். பிறகு அடுப்பைப் போட்டான். அடுப்பின் மேல் அடுக்கிய கல்லெல்லாம் காய்ந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். கண்ணாடி இல்லாவிட்டால் அவனுக்குத் தன் கையே மங்கல்தான்.

வழக்கப்படி கீழ் பலகையில் உட்காரப் போனவன் மேலே பார்த்தான். மூலை காலியாகத் தெரிந்தது. இன்றைக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? திருடனைப் போல ஏறி, துண்டை விரித்து, சுகமாக உட்கார்ந்தான்.

பொசுக்கென்று ஏதோ நசுங்கியது. கூடவே சுள்ளென்று குத்தியது.

தட்டோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமே! இருட்டு மூலையில் தனியாக இருந்தது அப்போது கண்ணில் படவில்லை போல. துண்டைத் தூக்கி, நசுங்கியதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ரொட்டி மாதிரி தட்டையாகிவிட்ட ஒரு பொம்மை. யாரென்று தெரியவில்லை. அம்மாவாக இருந்தால் தொலைந்தது. இனி ஆர்வோ வழியாகக்கூட சைமி பேச மாட்டாள். இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உள்ளங்கையில் பொம்மையோடு சமையலறைக்கு வந்தான்.

"நான் தெரியாம..." என்று கையை நீட்டினான்.

சைமி எட்டிப் பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்போ! நீ உன் மேலயே உக்காந்துட்டே!"

ஆர்வோ பழக்க தோஷத்தில் திரும்பி, "உன் மேலயே உக்காந்துட்டியாம்" என்றான்.

இல்போ பொம்மையை மறுபடி கண்ணருகே கொண்டுபோனான். முகத்தில் பேப்பர் கிளிப்பை வளைத்துச் செய்த இரண்டு வட்டங்கள். மூக்குக் கண்ணாடி. கிர்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை எப்போ அங்க வெச்சே?" என்றான்.

"நேத்து. எல்லாத்துக்கும் கடைசியா பண்ணேன்."

"அந்த மூலை அப்பா இடமாச்சே?"

"அப்பாதான் இங்க வர்றதே இல்லையே. கீழ வெச்சா நீ காயவே மாட்டே."

இல்போவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாவுக்கும் உப்புக்கும், கடித இடுக்கில் தெரிந்த அந்த வாய்க்கும், அம்மைக்கும்கூட அந்த நிமிஷம் நன்றி சொல்லியிருப்பான். வழக்கம்போல் தம்பி பக்கம் திரும்பினான்.

"ஆர்வோ, அக்காவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு."

"அவன்கிட்ட எதுக்குச் சொல்றே?" என்றாள் சைமி. "நான் இங்கதானே இருக்கேன்."