என்ற கண்ணு

கொங்கு நாட்டில் ‘கண்ணு’ என்று கூப்பிடுவதற்குக் காசா பணமா? பால்காரர் கூப்பிடுவார், பஸ் கண்டக்டர் கூப்பிடுவார், பேக்கரியில் பன் எடுத்துக் கொடுப்பவரும் கூப்பிடுவார். வயதில் சின்னது என்றால் எல்லாம் கண்ணுதான். அன்புசெல்வி டீச்சருக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் அறுபது பிள்ளைகளுக்குப் பக்கம். அத்தனை பேரையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? “எந்திரி கண்ணு”, “அந்த மேப்பச் சுருட்டி வை கண்ணு” என்று வருஷம் முழுக்க ஓட்டிவிடலாம். பிள்ளைகளுக்கும் சந்தோஷம். தங்கமான டீச்சர் என்று ஊருக்குள் பேரும் கிடைத்துவிடுகிறது.

பேர் தெரிந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதில் முதல் பேர் வர்ஷினி.

எந்த டீச்சருக்குத்தான் செல்லப்பிள்ளை இல்லை? வகுப்பில் கேட்டால் “எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்” என்பார்கள். வீரபாண்டிப் பக்கத்தில் டீச்சர் வேலை பார்க்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போய் நின்று பாருங்கள், தெரியும். கணக்கு வாத்தியார் சசிகுமார் தன் செல்லப்பிள்ளை அல்ஜீப்ரா போடும் வேகத்தைச் சொல்வார். உடனே அன்புசெல்வி டீச்சர் வர்ஷினி பேச்சை எடுப்பார். அவளுக்கு மட்டும் ஸ்டாஃப் ரூமில் தனிப் பேர். ‘என்ற கண்ணு.’ என்னுடைய கண்ணு என்பதைக் கொங்கில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். “என்ற கண்ணு இருக்கறாளே, அவ பேப்பரத் திருத்தும்போது எனக்குப் பசியே எடுக்காதுங்க சார். அந்தப் புள்ளைய மட்டும் மேல படிக்க வெக்காம உட்டாங்கன்னா பெரிய பாவமுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு பெண் மேப்போடு நின்றிருந்தாள். “என்ன கண்ணு? அங்கயே வெச்சுட்டுப் போ கண்ணு” என்றார் டீச்சர். அவள் மேப்பை வைத்துவிட்டு ஓடிப்போனாள். டீச்சர் தயிர்சாதத்துக்குத் திரும்பினார்.

ஓடிப்போனவள் ஜோதிகா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து போன வருஷம்தான் குடும்பத்தோடு வந்தவள். அப்பா காசிமாயனும் அம்மா ராக்கம்மாளும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் ஊரில் பிள்ளைகளை ‘ஏ புள்ள’ என்பார்கள், கோபம் வந்தால் வேறு பேர்கள் இருக்கின்றன. யாராவது ‘கண்ணு’ என்று கூப்பிட்டால் மனசுக்குள் பிரியம் இருக்கிறது என்று அர்த்தம். வந்த நாளிலிருந்தே டீச்சர் தன்னைக் கண்ணு என்கிறார். இப்போது பிள்ளைகள் இல்லாத இடத்தில் மற்ற டீச்சர்களிடமும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார். ஜோதிகாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்த மறுவாரம் ஜோதிகாவும் அப்பா அம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். பிளஸ் ஒன் சேர்க்கை வேலைக்காக டீச்சர் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான அன்புசெல்வி டீச்சரு? ஒங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது இவ” என்றாள் ராக்கம்மாள்.

“வாங்க, உக்காருங்க. வா கண்ணு” என்றார் டீச்சர். தெரிந்த முகம்தான். பேர் வரவில்லை. வந்துவிடும் என்று நினைத்தார்.

காசிமாயன் உட்காரவில்லை. “டிசி வாங்கத்தான் வந்தேன் டீச்சர். தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தரு பனியன் கம்பெனில இவள ஹெல்பரா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு. இதுக ரெண்டும் விடமாட்டேங்குதுக. டீச்சர் ஒரு வார்த்த சொன்னா படிக்க வைப்பியான்னு இவ கேட்டா. சரின்னுட்டேன். ஒங்க வாயால சொல்லுங்க, இப்பவே சேத்துவிட்டுட்டுப் போயிர்றேன்.”

“அரப் பரிச்சைல மூணு பாடத்துல போயிருச்சு டீச்சர்” என்றாள் ராக்கம்மாள். “அதுக்கப்பறம் ஒரு நா ஓடியாந்து சொன்னா, டீச்சர்மாருக எல்லாம் சேந்து என்னையப் பத்தித்தான் பேசுறாங்கம்மா, அன்புசெல்வி டீச்சருக்கு எம்பேப்பரத் திருத்துனாப் பசியே எடுக்காதாம், என்னையப் படிக்க வைக்கலைன்னா பாவமாம்னு. அன்னைக்கு ஒக்காந்தவதான். எல்லாத்துலயும் பாசாயிட்டா.”

டீச்சருக்கு மேப் ஞாபகம் வந்தது. வாசலில் நின்ற பெண் ஞாபகம் வந்தது. யாரைப் பற்றிச் சொன்னதை யார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அந்த இடத்தில் உண்மையே போதுமாக இருந்தது. மூன்று பாடத்தில் தவறிய பிள்ளை எல்லாவற்றிலும் தேறியிருக்கிறாள், படிக்க வையுங்கள் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் தங்கமான டீச்சர் என்ற பேர் இருக்கிறதே, அது லேசில் விடுமா? இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ‘அது உங்கள் மகள் இல்லை’ என்று எப்படிச் சொல்வது? கொஞ்சம் கூட்டிச் சொன்னால் ஒரு பிள்ளை படித்துவிட்டுப் போகிறது. டீச்சர் தன்னைத் தானே இப்படிச் சமாதானம் செய்துகொண்டார்.

“ஆமாங்க, இவளத்தான் சொன்னேன்” என்றார். “எத்தன வருசமா பாடம் நடத்தறேன், இப்படி ஒரு பொண்ணப் பார்த்ததில்லீங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்.”

காசிமாயன் மகளைப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. அதைக் கண்டதும் டீச்சருக்கு வார்த்தைகள் கொட்டின. மனசுக்குள் வர்ஷினி வந்து நின்றுகொண்டாள், அவளைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். “கட்டுரைப் போட்டிக்குக் கோயமுத்தூர் போயி கப்பு வாங்கிட்டு வந்தாளே, ஸ்கூலுக்கே பெருமையில்லீங்களா!”

தலையைக் குனிந்து நின்ற ஜோதிகா நிமிர்ந்தாள்.

“கோயமுத்தூருக்கா? எப்பத்தா போன?” என்றார் காசிமாயன்.

டீச்சர் காதில் அது விழவில்லை. கண்கூடக் கலங்கியிருந்தது அவருக்கு. “வெளிய எங்கயும் சேத்தாதீங்க. வர்ஷினி நம்ம ஸ்கூல்லயேதான் படிக்கோணும்.”

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது டீச்சருக்கு மெல்லத்தான் உறைத்தது. உறைத்ததும் காது மடல் சுட்டது.

“இவ ஜோதிகா டீச்சர்” என்றாள் ராக்கம்மாள். ஏதோ தான்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி குரல் உள்ளே போயிருந்தது.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். காசிமாயன் திட்டவில்லை. டீச்சருக்காக அவர் கூச்சப்பட்டார். “விடு புள்ள, எத்தன புள்ளைகளப் பாக்குறாங்க, பேரு மாறி வராதா? டீச்சர் சொல்லிட்டாங்க, சேத்துவிட்ருவோம்” என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வேணாம்ப்பா” என்றாள் ஜோதிகா. “டிசியே வாங்கிரு.”

“ஏத்தா?”

“டீச்சர் அன்னைக்குச் சொன்னது வர்ஷினியப்பா. நாந்தான் என்னையன்னு நெனச்சுக்கிட்டேன். லைன் வீட்டுல அக்கம்பக்கம் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்.” அழாமல்தான் சொன்னாள். முகம் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. அடுத்தவள் சாமானைத் திருடி மாட்டிக்கொண்டவள் போல அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அன்புசெல்வி டீச்சர் எழுந்தார். சேர் பின்னால் சாய்ந்து விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. “தப்பு என்ற மேலதானுங்க. பொய் சொல்லிப்போட்டேன். எனக்கு இவ பேருகூடத் தெரியலீங்க. அதுக்காக இவ படிப்ப நிறுத்திப்போடாதீங்க, உங்க கால்ல வேண்ணா உளுகறேன்.”

“ஐயோ, என்ன டீச்சர் நீங்க” என்று ராக்கம்மாள் பதறினாள்.

“ஜோதிகா, இங்க பாரு. அன்னைக்கு நாஞ்சொன்னது யாரையோ இருக்கட்டும். நீ பாஸானது நெசந்தானே? படிச்சது நீதானே?”

ஜோதிகா வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டாள். கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டும் என்று யோசிப்பது போலத்தான் இருந்தது.

“என்னையச் சொன்னீங்கன்னு நெனச்சுத்தான் டீச்சர் படிச்சேன்” என்றாள். “இனி என்னத்த நெனச்சுப் படிக்கிறது?”

காசிமாயன் கும்பிட்டுவிட்டு, டிசி வாங்க ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார். டீச்சர் கையைக் காட்டினார். மூன்று பேரும் வராந்தாவில் நடந்தார்கள். ராக்கம்மாள் மகளின் முதுகில் கை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், மகள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனது அவள்தான்.

சசிகுமார் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். விழுந்து கிடந்த சேரைத் தூக்கி வைத்தார்.

“யாருங்க டீச்சர் அந்தப் பொண்ணு? நம்ம புள்ளையா?”

“என்ற கிளாஸ்தான். ஜோதிகா.”

“அப்படீங்களா. எப்படிப்பட்ட புள்ளைங்க?”

டீச்சர் வாயைத் திறந்தார். ஒரு வருஷம் தன் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை. அந்தப் பேரையும் சற்று முன் அவள் அம்மா சொன்னதையும் தவிர, சொல்ல அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.