முழங்காலைத் தொடும் பிள்ளைகள்

ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தும் மழலையர் பள்ளி அது. அங்கே மூன்று வயதுப் பிள்ளைகூட எதையும் கத்திக் கேட்பதில்லை. பெரியவர் எதிரே வந்து நின்று, முழங்காலைத் தொட்டு, வேண்டியதைக் கையால் செய்து காட்டிவிட்டுத்தான் வாய் திறக்கும். சண்டை வந்தால், அடித்தவன் நடந்ததை நடித்துக் காட்ட வேண்டும். அடி வாங்கியவன் முடியும்வரை பார்க்க வேண்டும். பெரும்பாலும் பாதியிலேயே சமாதானமாகிவிடும்.

இந்த முறையை மற்ற பன்னிரண்டு மையங்களுக்கும் கொண்டுபோக அறக்கட்டளை முடிவு செய்தது. அதற்கான கையேட்டில் முதல் அத்தியாயம், 'இது எப்படித் தொடங்கியது'. அதை எழுத ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்திலிருந்து எட்வின் வந்தார்.

ஆசிரியை ஜாஸ்மினுக்கு அதற்குப் பதில் தெரியும். ஆயா முனீஸ்வரிக்குக் காது கேட்காது. மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பதினெட்டு வருடம் நின்றதில் போனது. உதட்டசைவைப் பார்த்துச் சமாளித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் முதல் வாரமே கண்டுபிடித்து, தங்களுக்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். அவள் மில்லில் பழகிய சைகைகளும் அதில் சேர்ந்தன. அதையே ஜாஸ்மின் வகுப்பு முழுவதற்குமான பழக்கமாக்கினாள். காது கேளாதவரை ஆயாவாக வைக்கக்கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. நான்கு வருடமாக ஜாஸ்மின் யாரிடமும் சொல்லவில்லை.

எட்வின் உள்ளே நுழைந்ததும், நான்கு வயது அனுசியா தன் மேலுதட்டில் இல்லாத மீசையை முறுக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு மீசையே கிடையாதே பாப்பா?"

"சும்மா விளையாட்டு சார்," என்றாள் ஜாஸ்மின். "இந்த முறை நான் டிரெயினிங்ல படிச்சது. அப்படியே எழுதிக்கோங்க."

எட்வின் எழுதவில்லை. "எங்கப்பா மில்லுக்காரர் டீச்சர். மேஸ்திரி வாராருன்னா இப்படித்தான் மீசைய முறுக்கிக் காட்டுவாகளாம். மிசின் சத்தத்துல பேசுனா என்னத்தக் கேக்கும்?"

ஜன்னலைப் பார்த்தபடி பாய் மடித்துக்கொண்டிருந்த முனீஸ்வரியின் முதுகை நோக்கிக் கூப்பிட்டார். "ஏம்மா, செத்த தண்ணி தாரீயளா?"

அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அனுசியா எழுந்து, சுற்றிப் போய் அவள் எதிரே நின்று முழங்காலைத் தொட்டாள். கட்டைவிரலை வாயில் சாய்த்துக் காட்டி, எட்வின் பக்கம் கை நீட்டினாள்.

தண்ணீரோடு வந்த முனீஸ்வரி, ஜாஸ்மின், எட்வின் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுபோச்சா டீச்சர்?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"நீங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் மறைப்பிய. எழுதுங்க சார். பன்னெண்டு எடத்துல பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறிய. மொதப் பக்கமே பொய்யா இருக்கணுமா? மில்லுல நின்னு காது போனவள்னே எழுதுங்க."

எட்வின் எழுதினார். நோட்டை அவள் பக்கம் திருப்பினார். முனீஸ்வரி விரல் வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள்.

"என் வேலை சார்?"

எட்வின் தலை குனிந்தபடி ஏதோ சொன்னார். அவளுக்கு உதடு தெரியவில்லை.

அனுசியா அவர் முன்னால் வந்து முழங்காலைத் தொட்டாள். "ஆயாவுக்குக் கேக்காது. காட்டுங்க."

அவர் நிமிர்ந்தார். பேனாவை நோட்டின் மேல் வைத்தார். இரண்டு வெறுங்கைகளையும் முனீஸ்வரியின் முன் விரித்துக் காட்டினார்.